மங்குக்குக் குங்குமாதி தைலம்: ஆண்டுக்கணக்கில் பூசிப் பார்த்தவளின் அனுபவம்

முகத்தில் பூசும் ஆயுர்வேத எண்ணெயான குங்குமாதி தைலத்தின் விலையைக் குறைத்திருக்கிறார்கள், முகத்தில் பழுப்புத் திட்டாகப் படரும் மங்குக்கு வாங்கலாமா என்று தோழி கேட்டிருந்தாள். நான் அதை ஆண்டுக்கணக்கில் பூசி வருவது அவளுக்குத் தெரியும். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டாவது பிரசவத்தை ஒட்டி என் கன்னமேடுகளிலும் மேலுதட்டின் மீதும் மங்கு படர்ந்தது. பலருக்குப் பிள்ளை பிறந்த சில மாதங்களில் மறைந்துவிடும் இது, எனக்கு நிலைத்துவிட்டது. மருந்துக்கடையில் சீட்டே கேட்காமல் எடுத்து நீட்டிய சிவப்பழகுக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது. பூசும்வரை முகம் பளிச்சென்றிருந்தது. நிறுத்தியதும் எரிச்சலும் சிவப்பும் சேர்ந்துகொள்ள, மங்கு முன்பைவிடக் கறுத்துத் திரும்பியது. இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கிய பிறகும், தெருமுனைக் கடைகளில் அவை தாராளமாகக் கிடைக்கின்றன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் களிம்பு மெலியவைத்த தோலுக்குத்தான் நான் தைலத்தைத் தேடிப் போனேன்.

அந்த வகையில் தைலம் என்னை ஏமாற்றவில்லை. நல்லெண்ணெயில் குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி, அதிமதுரம், மரமஞ்சள், அரக்கு, வெட்டிவேர் முதலியவற்றோடு ஆட்டுப்பாலும் சேர்த்துக் காய்ச்சுவது இதன் பழைய முறை. இரவில் முகம் கழுவி, ஈரம் முழுதாக உலரும் முன் மூன்று நான்கு துளிகளை விரல் நுனியில் எடுத்து ஒற்றியெடுத்தால் போதும், தேய்க்கத் தேவையில்லை. சில வாரங்களில் எரிச்சல் அடங்கியது. சோப்புப் பட்டாலே இழுத்துப் பிடித்த கன்னம் மிருதுவானது. இந்த ஒரு காரியத்தை இதைவிட நன்றாகச் செய்த வேறொன்றை நான் பூசியதில்லை.

ஆனால் தலையணை உறை! விளம்பரம் செய்பவர்களில் ஒருவராவது இதைப் பற்றி வாய் திறந்திருக்கிறார்களா? முதல் இரவே கன்னம் பட்ட இடத்தில் செம்மஞ்சளாக ஒரு வட்டம் விழும். வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தால் அது வெளுப்பதற்குப் பதில் துருவின் நிறத்துக்கு மாறும். கறையையாவது பொறுத்துக்கொள்ளலாம், துணியின் இழைக்குள் இறங்கிய நல்லெண்ணெயில் ஏறும் சிக்கு வாடையைத்தான் தாங்க முடியாது. வெயிலில் காயும்வரை ஒன்றும் தெரியாது, இரவில் தலை சாய்த்து உறை சூடானதும் மெல்ல எழும்பும். பூந்திக்கொட்டையும் சோடா உப்பும் எலுமிச்சையும் தோற்ற பிறகு, கிழித்த பழைய வேட்டித் துண்டுகளை விரித்துப் படுக்கிறேன். அரை மணி நேரத்தில் பயற்றம்மாவு போட்டுக் கழுவிவிடலாமே என்று கேட்பார்கள். கழுவிப் பார்த்தேன், உறை தப்பியது, தைலத்தால் கிடைத்த மிருதுவும் பாதியாகக் குறைந்தது.

இனி மங்கின் கதைக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் பூசத் தொடங்கியபோது மார்கழிக்குள் ஓரங்கள் மங்கி வந்தன. தைலத்தின் மகிமை என்றே பலரிடம் சொல்லி வைத்தேன். பங்குனி வெயில் தொடங்கியதும் அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்பி வந்தது. பிறகொரு வருடம் குழந்தையின் உடல்நிலை காரணமாக மழைக்காலம் முழுவதும் தைலத்தைத் தொடவேயில்லை. அந்த மார்கழியிலும் மங்கு அதே அளவுக்கு வெளிறியது. தோலில் நிறமியைச் சுரக்கும் உயிரணுக்களைத் தூண்டுவதில் ஹார்மோனோடு வெயிலுக்கும் பெரும் பங்கு உண்டு. அதிலும் புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுக்கவைக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீனைத் தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். இரவில் பூசும் எண்ணெய், பகல் வெயிலில் என்ன செய்துவிட முடியும்?

மற்ற வீட்டு வைத்தியங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். பாலில் இழைத்த ஜாதிக்காய் எனக்கு எரிந்தது. எரிந்த இடம் கறுத்தது. எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போவது மங்கை வலிய அழைப்பதற்குச் சமம். அதிமதுரத்தில் நிறமி உருவாவதைத் தடுக்கும் கிளாப்ரிடின் என்ற பொருள் இருப்பது உண்மை, ஆயினும் வீட்டில் குழைக்கும் பொடியிலிருந்து அது எவ்வளவு தோலுக்குள் இறங்கும் என்பது வேறு விஷயம். கஸ்தூரி மஞ்சள் என்று கடையில் தருவதில் பெரும்பகுதி வேறு ஏதோ கிழங்கு: அசலுக்குக் கற்பூர வாசம் இருக்கும், முகத்தில் மஞ்சளாக ஒட்டிக்கொள்ளாது.

விலை குறைந்ததில் மகிழவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மலர்கள் வேண்டும், கிலோ விலை லட்சங்களில் போகிறது. பாதி விலைக்குக் கிடைக்கும் குப்பியில் பூ எத்தனை இழை, வாசனைத் திரவியம் எத்தனை துளி என்ற சந்தேகம் எழாமலில்லை.

ஆகவே, நான் பூசியவற்றில் தோலுக்கு இதமானது இதுதான் என்று எழுதிய கையோடு, மங்குக்காக என்றால் வாங்காதே என்றும் எழுதுகிறேன். அந்தப் பணத்துக்குச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீனும் நல்ல குடையும் வாங்கிக்கொண்டு, ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டி மங்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது மேல். ஆழத்தில் படிந்ததற்குக் களிம்புகளே தடுமாறுகின்றன. வறண்ட தோலுக்காக வாங்குவதென்றால் சிறிய குப்பியாக எடுத்து, பரு வரும் முகமா என்பதைத் தாடையோரம் சில நாள் பூசிப் பார்த்துக்கொள்ளவும். என்னிடம் அரைக் குப்பி மீதமிருக்கிறது. அது தீர்ந்தபின் நான் வாங்கப் போவதில்லை.