வியட்நாமா, ஜெர்மனியா, ஆம்பூரா: நம்ம மலைக்கு எந்த ஷூ?

கடையில் ஷூவின் நாக்கைப் புரட்டி எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பார்ப்பது பலருக்குப் பழக்கம். ஜெர்மனி என்றால் முகம் மலரும். வியட்நாம் என்றால் சுருங்கும். இந்தியா என்றால் ‘இதுக்கா இவ்வளவு விலை’ என்று திரும்ப வைத்துவிடுவார்கள். மூன்றையும் எடைபோட்டு ஆம்பூர்ப் பக்கம் தைத்த தோல் பூட்ஸைத் தேர்ந்த ஆள் நான். இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

யார் எங்கே செய்கிறார்கள் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அமெரிக்காவின் யூட்டாவில் கையால் பூட்ஸ் தைத்துவந்த ராண்டி மெரலின் பெயரில் 1981-ல் தொடங்கிய மெரல், 1997 முதல் வால்வரின் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இன்று அது தயாராவது பெரும்பாலும் வியட்நாம், சீனா, இந்தோனேசியா ஆலைகளில். பிரான்ஸின் அன்னெசியில் பிறந்த சாலமனும் ஆசிய ஆலைகளைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. மறுபக்கம் 1923-ல் ஜெர்மனியின் ஜெட்சன்டார்ஃபில் தொடங்கிய லோவா, 1929-ல் தொடங்கிய இத்தாலியின் சாம்பர்லான் போன்றவை இன்னும் ஐரோப்பாவிலேயே வேலையை வைத்திருக்கின்றன.

கீன் என்ற அமெரிக்க ஷூ பிராண்டின் கதை கொஞ்சம் வேடிக்கை. 2010-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சொந்த ஆலை திறந்தார்கள். ஆனால் மேல்பாகம், அதாவது அப்பர், ஆசியாவில் தைத்து வந்தது; போர்ட்லாந்தில் அடிப்பாகத்தை வார்த்துச் சேர்த்தார்கள். அதனால் ‘அமெரிக்கன் பில்ட்’ என்று எழுதினார்களே தவிர ‘மேட் இன்’ போடவில்லை. 2025-ல் அந்த வேலையும் கென்டக்கிக்குப் போய்விட்டது.

நாக்கில் ஏறும் நாட்டின் பெயர் பெரும்பாலும் கடைசிக் கட்ட வேலை நடந்த இடத்தைத்தான் சொல்லும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து முழு ஷூ மட்டுமல்ல, தைத்த அப்பரும் காலங்காலமாக ஐரோப்பாவுக்குப் போகிறது. வியட்நாமில் நைக்கி தைக்கும் தைவான்காரர்களின் ஃபெங் டே குழுமம் நம்ம செய்யாற்றிலும் அதே நைக்கியைத் தைக்கிறது. பாதக்கட்டை (ஷூவை இழுத்து வடிவமைக்கும் பாத அச்சு), ரப்பர் கலவை, பசை எல்லாம் பிராண்டு சொன்னபடிதான். தையலின் நேர்த்தியில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் தேட வேண்டியதில்லை.

நீலகிரியிலும் பழனி மலையிலும் ஷூவைத் தீர்த்துக்கட்டுவது பாறை இல்லை, ஈரம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அவ்வளவு வேண்டாம், வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவிக்கு இறங்கும் தடத்தில் ஐப்பசியில் ஒரு நாள் நடந்தால் போதும். புல்லில் நனைவது, செம்மண் சேற்றில் ஊறுவது, பிறகு மூன்று நாளானாலும் காயாத அறை. இந்தச் சுழற்சியில் முதலில் கைவிடுவது அப்பரும் அடிப்பாகமும் சேரும் இடம். அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சோல் கழன்றால் யார், எங்கே மாட்டித் தருவார்?

ஆசியத் தயாரிப்பான இலகு ஷூக்களில் பெரும்பான்மை, நம்ம ஊர்த் தொழில் பேச்சில் சொன்னால், ‘ஸ்டக்-ஆன்’. அப்பரைக் கட்டையில் இழுத்து, பஞ்சு போன்ற இடைத்தட்டையும் ரப்பர் அடியையும் பசையால் ஒட்டுவது. இடைத்தட்டு இரண்டு வகை. ஈ.வி.ஏ. நுரை ஈரத்தால் சிதையாது; ஆனால் நாளாக ஆக நசுங்கி, பக்கவாட்டில் சுருக்கம் விழும். பாலியூரித்தேன் எளிதில் நசுங்காது, ஆனால் காற்றிலுள்ள ஈரமே அதை உள்ளிருந்து அரிக்கும். ஐந்து முதல் பத்து வருடத்தில், போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும், பழைய கேக் மாதிரி உதிரும். சொல்லப்போனால் போடாமல் வைத்ததுதான் சீக்கிரம் உதிரும்.

2024 ஆகஸ்ட் 1 முதல் காலணிகளுக்குத் தர முத்திரை கட்டாயம். வெளிநாட்டு ஆலையும் உரிமம் எடுத்தால்தான் இங்கே புதுச் சரக்கு அனுப்ப முடியும். பாதி விலைக்கு வெளிநாட்டு பூட்ஸ் கிடைக்கிறது என்றால் பெட்டியில் தயாரிப்பு மாதமும் வருடமும் பாருங்கள். மூன்று வருடம் தாண்டிய பாலியூரித்தேன் அடி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பழையதை வாங்குவதானால் இடைத்தட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். தடம் திரும்ப எழ வேண்டும். பிசுபிசுத்தாலோ, பொடி ஒட்டினாலோ வைத்துவிட்டு வாருங்கள்.

ஸ்டக்-ஆன் ஷூ கழன்றால் பேருந்து நிலையத்துப் பக்கம் உட்கார்ந்து தைக்கும் அண்ணனிடம்தான் போவோம். அவர் செய்வது இரண்டு. ஒன்று, ‘சொல்யூஷன்’ தடவி ஒட்டுவது. அது தோலுக்கும் ரப்பருக்குமான பசை, ஈ.வி.ஏ. நுரையில் சரியாகப் பிடிக்காது. நுரைக்குத் தனி பிரைமரும் பாலியூரித்தேன் பசையும் வேண்டும். பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தின்னரால் துடைத்து, இரண்டு பக்கமும் தடவிப் பத்து, பதினைந்து நிமிடம் காயவிட்டு, பசைப் படலத்தைச் சூடாக்கி அழுத்தி, ஒரு நாள் அசையாமல் வைக்க வேண்டும். ஊட்டிக் குளிரில், பனி இறங்கும் மாலையில், இது எதுவும் நடப்பதில்லை. ஒட்டும் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்துவிடும். ஒட்டியது மாதிரி இருக்கும், முதல் ஓடையில் வாய் பிளக்கும்.

இரண்டாவது, சுற்றிலும் நைலான் நூலால் சைடு தையல். ஊருக்குள் நடக்க நல்ல வேலை. மலைக்கு மூன்று கோளாறு. நூல் நுரையை அறுக்கும். அடியில் தெரியும் நூல் பாறையில் தேய்ந்து விடும். நீர்புகா ஷூ என்றால், குத்தூசி போட்ட ஒவ்வொரு ஓட்டையும் உள்ளே இருக்கும் சவ்வைக் கிழித்திருக்கும். கோர்-டெக்ஸ் என்ற அந்த நீர்புகாச் சவ்வுக்குக் கொடுத்த காசு போச்சு.

ஐரோப்பிய பூட்ஸில் பல, சோல் மாற்றத் தக்கவை. ஆனால் மாற்றுவது அங்கே உள்ள பட்டறைகளில். 2020-ல் காலணி இறக்குமதி வரியை 35 சதவீதமாக உயர்த்தினார்கள். அதனால் விலை இருபதாயிரத்தைத் தாண்டும். அப்புறம் கோத்தகிரியிலிருந்து ஜெர்மனியின் பவேரியாவுக்குப் பார்சல் அனுப்ப வேண்டும். இருக்கும் வசதி, இல்லாத வசதிக்குச் சமம். பிடிப்பும் கணுக்கால் தாங்கலும் அருமை என்பதை மறுக்கவில்லை. இமயத்துப் பனியில் பத்து நாள் நடப்பவருக்கு அதுதான் சரியாக இருக்கலாம். என் கணக்கு சோலைக்காடும் புல்மேடும் வரைதான் செல்லுபடி.

இனி ஆம்பூர். ஆம்பூர், சென்னைப் பக்கம் குட்இயர் வெல்ட் முறையில் தைப்பவர்கள் இருக்கிறார்கள். டயர் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரப்பரைப் பதப்படுத்திய சார்லஸ் குட்இயரின் மகன் கொண்டுவந்த எந்திரம் இது. அப்பரையும் உள்ளடியையும் ஒரு தோல் பட்டையோடு முதலில் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தனியாகத் தைப்பார்கள். சோல் தேய்ந்தால் வெளித் தையலை மட்டும் அறுத்துப் புது சோல் வைக்கலாம். அப்பரை யாரும் தொட வேண்டியதில்லை. பட்டை நன்றாக இருந்தால் இரண்டு, மூன்று முறை மாற்றலாம். எந்திரம் இல்லாத ஊரிலும் மெழுகு நூலும் குத்தூசியும் தெரிந்த கை செய்துவிடும்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்டக்-ஆன் ஷூவிலும் பட்டை மேல் அழகுக்குத் தையல் ஓட்டியிருப்பார்கள். பட்டை மேல் ஒரு அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். ஷூவைக் கவிழ்த்து, சோலின் ஓரப் பள்ளத்தில் அதே ஒரு அங்குலத்தை எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் உண்மைத் தையல். கீழே நூலே இல்லையென்றால் கடைக்காரரிடமே நேராகக் கேளுங்கள்.

சொல்லி வாங்க வேண்டியவையும் உண்டு. இந்தப் பட்டறைகள் அலுவலக ஷூவுக்குப் பழகியவை. விட்டால் வழுவழு சோல் போட்டுவிடுவார்கள். நனைந்த புல்லில் அது சறுக்குமரம். 4, 5 மில்லிமீட்டர் ஆழப் பல் உள்ள மென் ரப்பர் சோல் கேளுங்கள். அடி வளையாமலிருக்க உள்ளே வைக்கும் தகடு எஃகானால் துருப்பிடிக்கும். நைலானோ கண்ணாடி இழையோ நல்லது. தோல் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல், நாக்கு இருபக்கமும் மேல் வரை சேர்த்துத் தைத்ததாக இருக்கட்டும். இல்லையென்றால் அட்டைக்கு அதுதான் வாசல்.

குறைகளையும் மறைக்கவில்லை. ஜோடி ஒன்றரை கிலோவைத் தாண்டும். இலகு ஷூ அதில் பாதி. பழக இரண்டு, மூன்று வாரம் ஆகும். நனைந்தால் காய இரண்டு நாள். உள்ளடியில் தையல் பிடிக்கும் துணி விளிம்பு ஒட்டப்பட்டதுதான். திரும்பத் திரும்ப ஊறினால் அது தளரும். அதனால் பராமரிப்பில் சோம்பல் ஆகாது. செய்தித்தாளை உள்ளே திணித்து இரண்டு மணிக்கொரு முறை மாற்றுங்கள். கணப்புப் பக்கம் வைத்தால் தோல் வெடிக்கும், பசை இளகும். கோத்தகிரி, குன்னூரில் கிடைக்கும் தேன்மெழுகைக் கலந்த பாலிஷை மெல்லியதாகத் தடவி, பட்டைத் தையலில் விரலால் தேய்த்து ஏற்றுங்கள். தண்ணீர் நுழைவது அந்த ஊசி ஓட்டையில்தான். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தோல் தளர்ந்து கணுக்காலில் பிடிப்பு போய்விடும். ஆடி மாதப் பூஞ்சைக்கு வினிகர் கலந்த நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும்.

வருடத்துக்கு இரண்டு முறை லாங்வுட் சோலையில் நடந்துவிட்டு வருபவருக்கு இதெல்லாம் தேவையில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அந்த விலைக்குள் டெகத்லான் வகை ஷூ எடுத்து, தேய்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம். எஸ்டேட் ஆட்கள் போடும் கம்பூட் சேற்றுக்கும் அட்டைக்கும் இவை எல்லாவற்றையும் விடக் கெட்டி. ஆனால் இறக்கத்தில் விரல் முட்டி நகம் கறுக்கும்.

ஸ்டக்-ஆன் ஷூவோடு வெள்ளகெவி இறங்குகிறவர்கள் பையில் ஒரு ஜோடி கூடுதல் லேஸும் அகலமான துணி டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். சோல் வாய் பிளந்தால் முதலில் சேற்றைத் துடைத்துக் காயவைத்து, முன்பாதத்தில் டேப்பை மூன்று சுற்று சுற்றி, அதன் மேல் லேஸை ரப்பர்ப் பல்லுக்கு இடையே உள்ள பள்ளத்தில் விழும்படி இறுக்கிக் கட்டுங்கள். பல்லின் மேல் கட்டினால் அரை மணி நேரத்தில் அறுந்துவிடும்.