எட்சிடியா, கசாண்ட்ராவா, காஸ்மாஸ் டிபியா: கன்சிஸ்டென்சியை எங்கே முடிவு செய்வது?

ஒரே ஆப்பில் பணக் கணக்கும் இருக்கும், லைக் எண்ணிக்கையும் இருக்கும். முதலாவதில் ஒரு தடவை பழைய மதிப்பைப் படித்தாலே வம்பு. இரண்டாவது ஐந்து வினாடி பிந்தினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். எழுதியது எல்லா நகலிலும் எவ்வளவு சீக்கிரம் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்பதே கன்சிஸ்டென்சி. அதில் இரண்டுக்கும் ஒரே விதியா, வேலைக்கு வேலை மாறும் விதியா என்பதில்தான், பல சர்வர்களில் டேட்டாவை நகலெடுத்து வைக்கும் இந்த மூன்று டேட்டாபேஸ்களும் பிரிகின்றன.

எட்சிடியில் விதி ஒன்றுதான். ராஃப்ட் என்ற ஒப்புதல் முறைப்படி, எழுதுவதெல்லாம் நோடுகள் (சர்வர்கள்) தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஒரு லீடர் வழியாகப் போகும். பெரும்பான்மை நோடுகள் லாகில் பதித்த பிறகே 'சரி' என்று பதில் வரும். 3 நோடில் 1 விழலாம், 5 நோடில் 2 விழலாம். 4 நோடு வைத்தாலும் 1தான் தாங்கும் என்பதால் அது வீண் செலவு. படிப்பதும் இயல்பில் லீனியரைசபிள், அதாவது கடைசியாக உறுதியான மதிப்பே வரும். 'சீரியலைசபிள்' என்று கேட்டால் எந்த நோடும் தன்னிடம் இருப்பதைத் தரும், அது பழையதாக இருக்கலாம். கன்சிஸ்டென்சியில் திருக அவ்வளவுதான் இடம்.

அடி வாங்கும் இடம் டிஸ்க். லீடர் உயிரோடு இருப்பதாக அனுப்பும் ஹார்ட்பீட் 100 மில்லிவினாடி, அது வராவிட்டால் புதிய லீடரைத் தேட வைக்கும் எலெக்ஷன் டைம்அவுட் 1000 மில்லிவினாடி என்பது இயல்பு அமைப்பு. எஃப்சிங்க் (எழுதியதை டிஸ்கில் உறுதியாகப் பதித்தல்) நேரம் 99ஆம் பெர்சென்டைலில், அதாவது நூற்றில் 99 தடவை, 10 மில்லிவினாடிக்குள் இல்லையென்றால் லீடர் அடிக்கடி மாறத் தொடங்கலாம். நெட்வொர்க்கைத் தோண்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். இன்னொன்று, இயல்பான 2 ஜிபி சேமிப்புக் கோட்டா நிரம்பினால் எழுதுவது நின்றுவிடும். பழைய ரிவிஷன்களை (முந்தைய பதிப்புகளை) காம்பாக்ட் செய்து நீக்கி, நோடு நோடாக டிஃப்ராக் செய்து காலி இடத்தை மீட்டு, கோட்டா நிரம்பியதும் எழுந்த அலாரத்தையும் கையால் அணைக்க வேண்டும். கடைசிப் படியை மறப்பவர்கள்தான் அதிகம்.

கசாண்ட்ராவில் ஒவ்வொரு குவெரியும் எத்தனை நகல் பதிலளிக்க வேண்டும் என்ற தன் லெவலைத் தானே சொல்லும். நகல் 3 என்றால் கோரம், அதாவது பெரும்பான்மை, 2. எழுத 2, படிக்க 2, கூட்டினால் 4. அது 3ஐ விட அதிகம் என்பதால் புதிய மதிப்பு கண்ணில் பட்டே தீரும் என்பது கணக்கு. எழுதும் முயற்சி தோற்கும்போதுதான் இந்தக் கணக்கின் மறுபக்கம் தெரியும். கோரத்தில் எழுதும்போது அ, ஆ, இ என்ற மூன்றில் அ மட்டும் பதித்து, டைம்அவுட் வருகிறது. கசாண்ட்ரா அதைத் திரும்ப எடுப்பதில்லை. அடுத்த கோரம் படிப்பு ஆ, இ இரண்டையும் கேட்டால் பழைய மதிப்பு. அ, ஆ இரண்டையும் கேட்டால் புதியது, அதோடு ரீட் ரிப்பேர் (படிக்கும்போதே பழைய நகலைத் திருத்துவது) அதை ஆவிலும் எழுதிவிடும். 'தோற்றது' என்று ஆப் கைவிட்ட எழுத்து இப்படித்தான் பிறகு உயிர்பெறுகிறது. மறுபடி அனுப்புவதே வழி. ஆனால் கவுண்டரையும் லிஸ்டில் சேர்ப்பதையும் மறுபடி அனுப்பினால் இரட்டிப்பாகும்.

இரண்டு டேட்டா சென்டரில் தலா 3 நகல் வைத்தால் கோரம் 4 ஆகிவிடும். ஒன்று துண்டிக்கப்பட்டாலும் மிச்சம் 3தான், இரு பக்கமும் எழுதுவது நின்றுபோகும். அதனால்தான் பெரும்பாலோர் லோக்கல் கோரத்துக்கு (ஒரே சென்டரின் நகல்களில் மட்டும் பெரும்பான்மை) போகிறார்கள். ஒரு சென்டரில் எழுதியதை உடனே மற்றதில் எதிர்பார்க்காதவரை அது நல்ல தேர்வு.

அழித்தலிலும் கவனம் வேண்டும். அழித்ததைக் குறிக்கும் டூம்ஸ்டோன் இயல்பாக 10 நாள் நிற்கும், விழுந்த நோடுக்காக மற்றவை சேர்த்துவைக்கும் ஹின்ட் (அது தவறவிட்ட எழுத்துகள்) 3 மணி நேரம்தான் சேரும். 10 நாளுக்குள் ரிப்பேர் (நகல்களை ஒப்பிட்டுச் சரிசெய்வது) ஓடாவிட்டால் அழித்த வரிசை (ரோ) திரும்பி வரலாம்.

காஸ்மாஸ் டிபி நடுவழி. எப்போதும் புதியதையே தரும் ஸ்ட்ராங் முதல், பிறகு எப்போதாவது ஒத்துவரும் ஈவென்சுவல் வரை ஐந்து லெவல். அக்கவுண்டில் வைத்த லெவலை ரிக்வெஸ்டில் தளர்த்தலாம், இறுக்க முடியாது. பயனர் தான் எழுதியதைத் தானே காண்பதற்கான செஷன் லெவல் பெரும்பாலான ஆப்களுக்குப் போதும். ஆனால் ரிக்வெஸ்டுகளைச் சர்வர்களுக்குப் பகிரும் லோட் பேலன்சர் அடுத்ததை வேறு சர்வருக்குத் தள்ளினால், செஷன் டோக்கனையும் (கடைசி எழுத்தின் அடையாளம்) கூடவே கடத்தாதவரை பயனர் தான் எழுதியதையே காணாமல் போகலாம்.

கான்ஃபிக், லாக், லீடர் தேர்வு ஆகியவற்றுக்கு எட்சிடியே போதும். அதில் பயனர் டேட்டாவைக் கொட்டாதீர்கள். எழுதும் அளவு பெரிதென்றால் கசாண்ட்ரா. ஆனால் லெவலை ஒவ்வொரு டெவலப்பர் கையிலும் விடாமல், டிரைவரின் (ஆப்பை கசாண்ட்ராவோடு இணைக்கும் லைப்ரரி) எக்ஸிக்யூஷன் ப்ரொஃபைலில் இரண்டு மூன்று பெயர்களாகக் கட்டிவையுங்கள். 'இல்லையென்றால் மட்டும் எழுது' என்ற லைட்வெயிட் டிரான்சாக்ஷன் அங்கேயும் உண்டு. அது பேக்ஸாஸ் என்ற ஒப்புதல் முறையின் சுற்றுகளால் மெதுவானது, அதே ரோவில் சாதாரண எழுத்தோடு கலந்தால் எது முன், எது பின் என்ற உத்தரவாதமும் போய்விடும். ஒரு டேபிளின் எழுத்துகளில் பாதிக்கு அது தேவைப்பட்டால், அந்த டேபிளின் இடம் கசாண்ட்ரா அல்ல.