ஏசி ரூமில் மட்டும் ஓடிய லேப்டாப்

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள், மத்தியானம் இரண்டரை மணி. தாம்பரத்தில் அக்கா வீட்டு மாடி அறை. மேலே ஃபேன் சுற்றுகிறது, அறை வெப்பம் 37 டிகிரி. அக்கா மகன் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு காட்சியை ரெண்டர் (முழுப் படமாக்கும் வேலை) போட்டுவிட்டு, "மாமா, பாருங்க, இப்ப விழும்" என்றான். பதினெட்டாவது நிமிடத்தில் விழுந்தது. 120 வாட்டில் ஓடிக்கொண்டிருந்த கிராபிக்ஸ் சிப் சட்டென்று 45 வாட்டுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது, வேகமும் அதோடு படுத்துவிட்டது. 1,64,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 1,93,520 கொடுத்து இந்த லேப்டாப்பை வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா காசு போட்டு வாங்கித் தந்ததைக் குறை சொல்கிறோமே என்ற கூச்சம் அவனுக்கு. எனக்கு வயிறு எரிந்தது.

2024 ஏப்ரலில் மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போனேன். அதில் ஒரு வாரத்துக்கு மேல் இந்த லேப்டாப்பே தின்றுவிட்டது. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன், பதினோரு வருஷம் ஆகிறது. என் சொந்த லேப்டாப் அங்கே லைப்ஜிக் நகரத்திலிருந்து வந்த எக்ஸ்எம்ஜி என்ற பிராண்டு. இந்த வகை லேப்டாப்பைத் தெரிந்தவர்களுக்கு விஷயம் புரியும். தைவானில் இருக்கும் கிளெவோ போன்ற நிறுவனங்கள் கூட்டையும் போர்டையும் செய்து கொடுக்கும். அதை வாங்கி நாம் கேட்கிற ரேம், எஸ்எஸ்டி, வைஃபை கார்டு போட்டு, சோதித்து, தன் பெயரில் விற்பவர் வேறு ஒருவர். ஜெர்மனியில் எக்ஸ்எம்ஜி, அமெரிக்காவில் சேகர் (Sager), கனடாவில் யூரோகாம் எல்லாம் இப்படித்தான். கூடு ஒன்றாகவே இருந்தாலும், உள்ளே கை வைத்தவர் யார், பழுதானால் திறக்கப்போகிறவர் யார் என்பதில்தான் வித்தியாசம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஊரில் வாங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இங்கிருந்தே ஏன் கொண்டு போகவில்லை என்று நண்பர்கள் கேட்டார்கள். 18 வயது தாண்டிய பயணி ஒரு லேப்டாப்பைத் தீர்வை இல்லாமல் கொண்டு வரலாம். அந்த ஒன்று என் ஆபீஸ் லேப்டாப். அப்புறம் வாரண்டி. பழுதானால் பையன் அதை லைப்ஜிக்குக்கு அனுப்ப வேண்டும், லித்தியம் பேட்டரியோடு கூரியரில் போடுவது லேசான வேலை இல்லை. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப்போய் காட்டுகிற தூரத்தில் வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு சரிதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

மார்ச் மாதமே ஸ்டுட்கார்ட்டிலிருந்து, சென்னையில் இப்படி விற்கிற மூன்று பேரிடம் வாட்ஸ்அப்பில் விசாரித்தேன். முதல் ஆள் என் பெயரைக் கேட்பதற்கு முன்பே "பில்லோடவா சார், பில் இல்லாமலா?" என்று கேட்டார். பில் இல்லாவிட்டால் 29,520 ரூபாய் மிச்சம், சரி. ஆனால் நாளைக்கு எதைக் காட்டி வாரண்டி கேட்பது? விட்டுவிட்டேன். இரண்டாவது ஆளிடம் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் சிப் எத்தனை வாட் என்று கேட்டதற்கு "4070ன்னா எல்லாம் 4070தான் சார்" என்றார். இல்லவே இல்லை. லேப்டாப்பில் வரும் 4070-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓடும்படி தயாரிப்பாளர் அமைக்கலாம், அதற்கு மேல் 25 வாட் வரை பூஸ்ட். முன்பு மேக்ஸ்-கியூ என்று பெயரிலேயே போட்டிருந்ததால் குறைந்த வாட் என்று பார்த்ததும் தெரிந்தது. இப்போது பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே பெயருள்ள இரண்டு லேப்டாப்பில் ஒன்று மற்றதைவிட வெகுவாகப் பின்தங்கும். இது தெரியாதவரிடம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

மூன்றாவது ஆள் எல்லாவற்றுக்கும் பத்தே நிமிடத்தில் பதில் போட்டார். 140 வாட். ரேம் ஒரே 32 குச்சி இல்லை, 16+16. இரண்டாவது எஸ்எஸ்டி போட இடம் காலி. மக்ஸ் சுவிட்ச் (கிராபிக்ஸ் சிப்பை நேராகத் திரையோடு இணைப்பது) உண்டு. "சார், நம்ம ஊர் வெயிலுக்கு ஃபேக்டரி பேஸ்ட் பத்தாது. எடுத்துட்டு ஹனிவெல் பிடிஎம் 7950 போட்டுத் தரேன், புது பேடும் மாத்திடலாம், 2,500 ஆகும்" என்று அவராகவே சொன்னார். சிப்பின் சூட்டை ஹீட்சிங்க் என்ற உலோகப் பகுதிக்குக் கடத்துவதுதான் இந்தப் பேஸ்ட், பிடிஎம், பேடு எல்லாம். அசந்துபோனேன். நம் ஊரில் இப்படி ஒருவரா என்று பெருமையாகக்கூட இருந்தது. அக்காவின் ஜிபேயில் அன்றே அட்வான்ஸ் போனது.

ஏப்ரல் 27, சனிக்கிழமை, பையனோடு போய் வாங்கினோம். கண்ணாடிக் கதவு, நல்ல ஏசி, நீல விளக்கு, கையில் குளிர்ந்த தண்ணீர். பெட்டி மூடியே இருந்தது. அடிமூடியின் ஒரு ஸ்க்ரூ மேல் கடையின் ஸ்டிக்கர். உள்ளே பார்க்கலாமா என்றேன். "சீல் உடைஞ்சா வாரண்டி போயிடும் சார்" என்றார்கள். கிராபிக்ஸ் சிப்பை முழு மூச்சில் ஓடவைக்கும் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள், 140 வாட் காட்டியது. சரி என்று வந்துவிட்டோம்.

நான் முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கியது 2003-இல், அப்பாவோடு, ரிச்சி தெருவில். சிம்சன் ஸ்டாப்பில் இறங்கி, கேசினோ தியேட்டர் பக்கமாக நடந்து, நாலு கடையில் கொட்டேஷன் வாங்கி, டீ குடித்துக்கொண்டே நாலு சீட்டையும் அப்பா பேனாவால் டிக் அடித்து ஒப்பிட்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. பென்டியம் 4, 256 எம்பி ரேம், 40 ஜிபி டிஸ்க். கடைக்காரர் பிராசஸர் பெட்டியை எங்கள் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். போர்டில் வைப்பதிலிருந்து கடைசி ஸ்க்ரூ வரை எங்கள் கண் முன்னால்தான் நடந்தது. ஒன்றரை மணி நேரம் நின்றோம். பிறகு 15 இன்ச் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு. அப்பாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் கண் முன்னால் செய்யச் சொல்லி வாங்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

மே 7 அன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்த ஷோரூம். அதே ஏசி, அதே ஐந்து நிமிடச் சோதனை. "பாருங்க சார், 140 வருது, டெம்பரேச்சர் 70. ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல." இருபது நிமிடம் ஓட்டுங்கள் என்றேன். ஓட்டினார்கள், விழவில்லை. ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள் என்றேன். கஸ்டமர்கள் இருக்கிறார்கள் என்றார்கள், அதுவும் நியாயம்தான். வெளியே வாசலில் வைத்து ஓட்டலாமா என்றேன். அதற்கும் மறுப்பு. "வெயில் காலம் சார், எல்லா லேப்டாப்பும் இப்படித்தான் இருக்கும். ஏசி ரூம்ல யூஸ் பண்ணச் சொல்லுங்க. வேணும்னா விட்டுட்டுப் போங்க, செக் பண்ண 15 வேலை நாள் ஆகும்."

எனக்கு விமானம் மே 14.

ஜெர்மனியில் ஆன்லைனில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பி அனுப்பியிருப்பேன். அதைத் தாண்டினாலும் இரண்டு வருஷத்துக்கு விற்றவர்தான் பொறுப்பு, சட்டமே அப்படி. ஒருமுறை என் லேப்டாப் கீபோர்டில் ஒரு பட்டன் சிக்கியதற்கு இரண்டு மின்னஞ்சலில் வேலை முடிந்தது, யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. இங்கே கவுண்டர் முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்று, குரல் உயர்ந்து, பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து "மாமா, விடுங்க, போலாம்" என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

வெயில் காலம் என்ற பதிலில்தான் எனக்கு அதிகக் கோபம். அதில் பாதி உண்மை இருக்கிறது. அறையின் சூடு 15 டிகிரி கூடினால், அதே வேலைக்கு அதே ஃபேன் வேகத்தில் சிப்பின் சூடும் ஏறக்குறைய 15 டிகிரி கூடும். அப்படியென்றால் சென்னையில் விற்கிற ஆள் சென்னை அறையில் அல்லவா சோதிக்க வேண்டும்? ஸ்டுட்கார்ட்டில் என் அறை 21 டிகிரி, தாம்பரத்தில் 37. வாங்குகிற பையன்களில் எத்தனை பேர் வீட்டில் நாள் முழுக்க ஏசி ஓடும்?

அன்று ராத்திரி அக்காதான் சொன்னாள். "ஏன்டா, அப்பா உன்னைக் கூட்டிட்டுப் போன தெருவுக்கே போயேன்."

மறுநாள் காலை தாம்பரத்திலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் கிண்டி, அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம். 2003-இல் இந்த மெட்ரோ இல்லை. ரிச்சி தெரு மட்டும் அப்படியே இருந்தது. சார்ஜர், ஒயர், சிசிடிவி கேமரா, நடுவில் பைக், "என்ன சார் வேணும்" என்று கூப்பிடும் பையன்கள். லேப்டாப் சர்வீஸுக்கு யார் என்று மூன்று கடையில் கேட்டோம், மூன்று பேரும் ஒரே மாடிப்படியைக் காட்டினார்கள். அதுவே எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

மேலே பத்துக்குப் பத்து அறை. ஏசி கிடையாது. ஒரு நீள மேசை, பூதக்கண்ணாடி விளக்கு, அறுபது வயது இருக்கும் ஒரு பாய். முழுக் கதையையும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. பிறகு பையனிடம், "நீ எந்த வேலை போட்டா விழுதோ அதையே போடு தம்பி" என்றார். எந்தச் சோதனை மென்பொருளும் இல்லை, பையனுடைய அந்த ரெண்டரையே போடச் சொன்னார். தன் டேபிள் ஃபேனை வேறு பக்கம் திருப்பிவிட்டார். எங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. பதினாறாவது நிமிடம் விழுந்தது. அவர் முகத்தில் ஒரு திருப்தி.

"கிராபிக்ஸ் சிப் கோர் 76 டிகிரிலதான் நிக்குது. அப்ப கோர் இல்ல. சுத்தி இருக்கிற எதோ வேகுது."

திறப்பதற்கு முன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த ஸ்டிக்கரை எடுத்தா அவங்க வாரண்டி இல்லைன்னு சொல்லலாம். உங்க இஷ்டம். எடுக்கிறதுன்னா செல்லுல வீடியோ எடுத்துக்கோங்க, நான் கையை மறைக்க மாட்டேன்." பையன் எடுக்கத் தொடங்கினான். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கோட்டுப்படமாக வரைந்து, எடுத்த ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் இடத்திலேயே தாளில் குத்தி வைத்தார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களை அதில் பொறித்திருந்த எண்ணின்படி கடைசியிலிருந்து ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினார். தூக்கினார்.

பிராசஸர், கிராபிக்ஸ் இரண்டின் மேலும் பிடிஎம் ஒழுங்காகப் பரவியிருந்தது. சொன்னபடி போட்டிருந்தார்கள். ஆனால் சுற்றிலும் மெமரி சிப்புகளுக்கும் பவர் பகுதிக்கும் ஒட்டியிருந்த புது தெர்மல் பேடுகளில் ஒரு நீளத் துண்டு மட்டும் பளபளத்தது. பாய் இடுக்கியால் ஓரத்தைக் கிள்ளி இழுத்தார். மெல்லிய கண்ணாடித்தாள் உரிந்து வந்தது. பேடு புதிதாக வரும்போது இரண்டு பக்கமும் ஒட்டியிருக்குமே, அந்தத் தாள். ஒரு பக்கத்தை உரித்தவர் மறுபக்கத்தை மறந்திருக்கிறார். பவர் பகுதியின் சூடு அந்தத் தாளைத் தாண்டி ஹீட்சிங்குக்குச் சரியாகப் போகவில்லை. ஏசி அறையில் தாக்குப்பிடித்தது, தாம்பரத்தில் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. நம் ஊர் வெயிலுக்காக என்று 2,500 ரூபாய் வாங்கிச் செய்த வேலையே வெயிலில் காலை வாரிவிட்டது.

நான் அந்தத் தாளை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். எடையே இல்லை.

பாய் அந்தப் பேடைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெர்னியர் அளவுகோலால் கனம் பார்த்து வேறு வெட்டி ஒட்டினார். கனம் கூடினால் பக்கத்தில் சிப் மேல் ஹீட்சிங்க் சரியாக உட்காராது என்று பையனுக்கு விளக்கினார். மூடி, மறுபடி அதே ரெண்டர். நாற்பது நிமிடம், அதே வெக்கையில். வாட் அசையவில்லை. பேடுக்கு 450, கூலி 600. நான் ஆயிரம் சேர்த்து நீட்டியதை வாங்கவில்லை. டீ மட்டும் வரவழைத்தார், அதற்கும் அவரே காசு கொடுத்தார். ஸ்டுட்கார்ட்டில் இந்த மாதிரி ஒரு மேசைக்கு எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்க எனக்கு இடம் கிடையாது. கவுண்டரில் கொடுத்துவிட்டு ரசீதோடு வெளியே வர வேண்டியதுதான்.

மே 9, மூன்றாவது முறை ஷோரூம். இந்தத் தடவை நான் குரலை உயர்த்தவில்லை. வீடியோவைக் காட்டி, கவரில் வைத்திருந்த கண்ணாடித்தாளை மேசைமேல் வைத்தேன். முதலாளியே வெளியே வந்தார். தாளைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, வாதாடவில்லை. உள்ளேயிருந்து ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டார், இருபது வயதுகூட இருக்காது. அவன் பார்த்துவிட்டு "சாரி சார், அன்னிக்கு ஏழு மிஷின் இருந்துச்சு" என்றான். அவனிடம் எனக்குக் கோபம் வரவில்லை. ஏழு மிஷினை ஒரே நாளில் அவன் தலையில் கட்டி, ஐந்து நிமிடச் சோதனையில் பெட்டிக்குள் போடச் சொன்னவர்களிடம்தான் கேட்க வேண்டும். அதை முதலாளியிடமே சொன்னேன். 2,500 திரும்ப வந்தது. வாரண்டி தொடரும் என்று பில்லின் பின்பக்கம் கையால் எழுதி, சீல் குத்தி, தேதி போடச் சொன்னேன். எழுதும்வரை நகரவில்லை. எழுதினார்.

அடுத்த கோடையில் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று சொல்லி வாங்க நினைக்கிறவர்கள் வாட், ரேம் எல்லாம் கேளுங்கள், அப்புறம் இதையும் கேளுங்கள்: என் முன்னால் மூடியைத் திறந்து காட்டுவீர்களா, ஏசி இல்லாத இடத்தில் அரைமணி நேரம் ஓட்டிக் காட்டுவீர்களா. முடியாது என்றால் அட்வான்ஸ் போடாதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டுவதை ஓட்டிப் பார்த்த பிறகு அவர்கள் செய்துகொள்ளட்டும்.

பையன் இப்போது 2 டிபி எஸ்எஸ்டி போட வேண்டும் என்கிறான். டிசம்பரில் நான் வருகிறேன். ரிச்சி தெருவில் கீழே வாங்கிக்கொண்டு, அந்த மாடிப்படி ஏறிப் போட்டுக்கொள்வதாகப் பேசி வைத்திருக்கிறோம். பாய் பையனிடம் நம்பர் கொடுத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர வேண்டாமாம்.