பொன்னாடை போர்த்திவிட்டு சான்றிதழ்களை வாங்கிக்கொண்டார்கள்

அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறைப் பேராசிரியராக இருந்து 2023 மே மாதம் ஓய்வு பெற்றேன். 58-ல் முடிந்திருக்க வேண்டிய வேலை. 2020-ல் ஒரு வருடம், 2021-ல் இன்னொரு வருடம் என்று அரசு நீட்டியதால் 60 வரை போனது. அப்புறம் மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். பேப்பரை வரி விளம்பரம் வரை படித்து முடித்தாலும் மணி பத்துதான் ஆகியிருக்கும்.

அப்போதுதான் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இப்போது கல்லூரிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்ஸி வைத்திருக்கிறானாம். "சார், உங்க அனுபவம் வீணாகலாமா? ஒரு காலேஜ்ல டீன் போஸ்ட் இருக்கு" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன முதல் நாளே சேர்மன் எழுந்து வந்து பொன்னாடை போர்த்தினார். அரை மணி நேரத்தில் நிர்வாக அலுவலர் வந்து, "வெரிஃபிகேஷனுக்கு ரெண்டு நாள் மட்டும் சார்" என்று எஸ்எஸ்எல்சி முதல் பிஎச்.டி. வரை அசல் சான்றிதழ்கள் அத்தனையும் வாங்கிக்கொண்டார். ஒப்புகைச் சீட்டு கேட்கவில்லை. பொன்னாடை தோளில் இருக்கும்போது எப்படிக் கேட்பது?

பேசிய சம்பளம் 75,000 ரூபாய். நியமன ஆணையில் 1,30,000 என்று போட்டிருந்தது. கேட்டதற்கு, "ரெக்கார்டுக்கு சார். அக்கவுண்ட்ல முழுசா போடுவோம், 55,000-ஐ எடுத்து ஆபீஸ்ல கொடுத்துடுங்க. எல்லா காலேஜ்லயும் இதுதான்" என்றார்கள். அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு மாதம், ஏடிஎம்மில் இரண்டு மூன்று தடவையாக எடுத்து, கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மொத்தம் 2,20,000. ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

கல்லூரிகள் எதற்காக இந்த வேலையைச் செய்கின்றன என்று கேட்பவர்களுக்கு: பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் கணக்கில் 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அதிலும் ஒரு பேராசிரியருக்கு இரண்டு இணைப் பேராசிரியர், ஆறு உதவிப் பேராசிரியர் என்ற விகிதம் உண்டு. உதவிப் பேராசிரியர்கள் எளிதாகக் கிடைப்பார்கள். பிஎச்.டி.யும் நீண்ட அனுபவமும் உள்ள பேராசிரியருக்குத்தான் பஞ்சம். தனியார் கல்லூரியில் 65 வயது வரை கணக்கில் காட்டலாம். ஆக, 60-ல் வெளியே வருகிற எங்களைப் போன்றவர்கள் கல்லூரியைச் சோதிக்க வரும் குழுவிடம் காட்டும் ஆய்வுக் கோப்புக்கு ஐந்து வருடம் செல்லுபடியாகும் சரக்கு. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மற்றவர்களைப் பற்றித் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

வாரத்தில் நான்கு வகுப்புகள் கொடுத்தார்கள். மீதி நேரம் 'டீன், ஆராய்ச்சி' என்று பலகை மாட்டிய கண்ணாடி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த நான்கு வகுப்புகளும் நன்றாக இருந்தன. பின் வரிசைப் பையன் ஒருவன் என்ட்ரோபி பற்றிக் கேட்ட கேள்விக்கு வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொன்னேன். அதற்காகத்தானே போனேன்.

பிப்ரவரியில் ஆய்வுக் குழு வந்தது. அன்று காலை கல்லூரிப் பேருந்தில் நான் அதுவரை பார்த்தேயிராத பத்துப் பன்னிரண்டு பேர் டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அதில் ஒருவர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "சார், நம்ம டிபார்ட்மெண்ட் ஹெச்ஓடி யாரு?" என்று கேட்டார். மதியம் எல்லோருக்கும் பிரியாணி.

ஜனவரிச் சம்பளம் அதற்குள் நின்றிருந்தது. "ஆய்வு முடியட்டும் சார்" என்றார்கள். முடிந்தது, பிப்ரவரியும் மார்ச்சும்கூட வரவில்லை. ஏப்ரலில் "இனி நீங்க வர வேண்டாம், சிரமம் வேண்டாம்" என்று போனிலேயே சொன்னார்கள். சான்றிதழ்களைக் கேட்டபோது ஒரு தாளை நீட்டினார்கள்: 'சம்பள பாக்கி ஏதும் இல்லை.' கையெழுத்துப் போட்டால் சான்றிதழ். சான்றிதழை இப்படிப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையே கிடையாது, நோட்டீஸ் அனுப்பலாம் என்று வக்கீல் நண்பர் சொன்னார். ஆனால் 40 வருடச் சான்றிதழ்கள் யாரோ ஒருவருடைய பீரோவில் இருக்கும்போது தூக்கம் வராது. கையெழுத்துப் போட்டேன். 2,25,000 ரூபாய் போயிற்று.

அடுத்த அடி ஆடிட்டரிடம். பென்ஷனோடு சேர்ந்து நான் 30 சதவீத வரம்பில் இருந்தேன். கவரில் திருப்பிக் கொடுத்த பணத்தைச் சொன்னேன். பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, "உங்க கணக்குல வந்தது உங்க வருமானம்தான் சார், கொடுத்ததுக்கு என்ன ஆதாரம்?" என்றார். என் கையில் தங்காத அந்த 2,20,000-க்கு மட்டும் செஸ்ஸோடு சேர்த்து 68,640 ரூபாய் வரி கட்டினேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். 2024 ஜூலையில், ஊழலுக்கு எதிராக இயங்கும் அறப்போர் இயக்கம் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது: அண்ணா பல்கலைக்கழகத்தின் 224 இணைப்புக் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று. செய்தியைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. மகனை உட்காரவைத்துக் கல்லூரி வாரியான ஆசிரியர் பட்டியலைத் தேடச் சொன்னேன். விலகி மூன்று மாதம் ஆன கல்லூரியில் என் பெயர் அப்படியே இருந்தது. அதே டிரஸ்ட் நடத்தும் இன்னொரு கல்லூரியிலும் இருந்தது. அந்த ஊருக்கு நான் போனதே இல்லை.

பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். விலகிய தேதிக்கு ஆதாரம் வேண்டுமே? வேலையிலிருந்து விடுவித்துவிட்டோம் என்று கல்லூரி தரும் பணிவிடுப்புக் கடிதத்தை வாங்காமல் வந்திருந்தேன். இந்த இடத்தில்தான் என்னைவிடக் கவனமாக இருங்கள். கடைசி நாளில் அந்தக் கடிதம் கைக்கு வராமல் வாசலைத் தாண்டாதீர்கள். அசலைக் காட்டுங்கள், அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நகல் மட்டும் கொடுங்கள். அந்த நகலின் மேலேயே எந்தக் கல்லூரிக்கு, எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று பேனாவால் குறுக்கே எழுதிவிடுங்கள். பேசிய சம்பளமும் ஆணையில் உள்ள சம்பளமும் வேறாக இருந்தால் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்புங்கள்.

என் மாணவன் போன மாதம் மறுபடி கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. இந்த மே மாதம் எங்கள் பழைய அரசுக் கல்லூரியில் ஓய்வு பெற்ற இரண்டு பேருக்கும் அவன் போன் செய்திருக்கிறான்.