டிராக்ஷன் கண்ட்ரோலா, லாக்கிங் டிஃபரன்ஷியலா?

கொல்லிமலையில் செம்மேடு பக்கம் மாமனாருக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறது. மழையோ வெயிலோ, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் ஆக வேண்டும். புது வண்டி பார்த்தபோது கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு. ஒன்று, டிராக்ஷன் கண்ட்ரோல் உள்ள, முன்சக்கரம் இழுக்கும் சிறிய எஸ்யூவி. இன்னொன்று, பின் ஆக்சிலில் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் வரும் மஹிந்திரா பொலேரோ நியோ என்10 ஆப்ஷனல். எடுத்தது முதலாவதை. இடவசதி, மைலேஜ் கதையெல்லாம் ஷோரூமிலேயே சொல்லிவிடுவார்கள், அதை விடுங்கள்.

எஞ்சின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதைச் சுற்றக் கொஞ்சம் விசை போதும். அந்தக் கொஞ்சம்தான் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒன்று வீணாகச் சுற்ற, மற்றது சும்மா நிற்கும்.

டிராக்ஷன் கண்ட்ரோல் இதை பிரேக்கால் சமாளிக்கிறது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்கு வைத்த சென்சார்கள் ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒன்று மட்டும் எகிறினால் எஞ்சின் விசை குறையும், அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழும். பிரேக்கை எதிர்த்துச் சுற்ற அதற்குக் கூடுதல் விசை வேண்டும். அதே அளவு மறுபக்கத்துக்கும் போய்விடும். ஈரமான வளைவில் உட்புற முன்சக்கரம் எடை குறைந்து வழுக்கும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். மஞ்சள் விளக்கு சிமிட்டும், முன்பக்கம் டரடரவென்று ஏபிஎஸ் பம்ப் அதிரும், ஆக்சிலரேட்டர் செத்த மாதிரி இருக்கும். ஆனால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். இழுப்பதும் திருப்புவதும் அதே இரண்டு டயர் என்பதால் எனக்கு இதுதான் முக்கியம்.

பொலேரோ நியோவில் வரும், ஈட்டன் கம்பெனி தயாரிக்கும் லாக்கிங் டிஃபரன்ஷியல் வேறு ரகம். இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்கு நூறு சுற்று அளவுக்கு வித்தியாசம் வந்தால், உள்ளே இருக்கும் எடைகள் விரிந்து, கிளட்ச் தட்டுகள் இறுகி, இரண்டும் ஒன்றாகச் சுற்றும். மணிக்கு 30 கி.மீ. சொச்சத்துக்கு மேல் பூட்டாது. சேற்றிலிருந்து மீள அருமையான சாதனம், ஆனால் தார்ச்சாலையில் வேகமாகப் போகும்போது வழுக்கினால் உதவிக்கு வராது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. டிராக்ஷன் கண்ட்ரோலுக்கென்று தனியாகத் தேயும் பாகம் எதுவும் இல்லை. பம்ப், சென்சார், பிரேக் எல்லாம் ஏபிஎஸ்ஸோடு வந்தவை. நம் ஊரில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார் அனைத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்புக்கும் பழகிய சாமான். அடிக்கடி வரும் தொந்தரவு சென்சாரில் அப்பும் சேறும் அறுந்த ஒயரும்தான். அப்போது ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்தே எரியும். வாட்டர் வாஷின்போது சக்கரத்தின் உட்புறம் அடிக்கச் சொல்லுங்கள். பிரேக் பேட் கொஞ்சம் சீக்கிரம் தேயலாம், அதை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. லாக்கிங் டிஃபரன்ஷியலில் தேய்மானம் முழுக்க ஆக்சிலுக்குள் நடக்கிறது. கம்பெனி சொன்ன கியர் ஆயிலையே ஊற்ற வேண்டும். பழுதானால் ஆக்சிலைப் பிரிக்க வேண்டும், அதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். பொலேரோ நியோவை நான் இரவல் வாங்கி ஓட்டியதோடு சரி, ஆகவே பழுது எத்தனை வருஷத்தில் வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சேற்றில் டிராக்ஷன் கண்ட்ரோல் தோற்கும் இடமும் உண்டு. பிரேக்கையே நம்பி ரொம்ப நேரம் திணறினால் சூடேறி, சிஸ்டம் தானே ஓய்வெடுத்துக்கொள்ளும். இளகிய மண்ணில் எஞ்சின் விசையைக் குறைத்தால் வண்டி அங்கேயே புதைந்துவிடும். அதற்குத்தான் ஆஃப் பட்டன். சேற்றில் இறங்குமுன் அழுத்திவிட்டு, தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

தோட்டத்துக்குள் போகும் கடைசி மண் பாதையில் மழைக்காலத்தில் நாங்கள் வண்டியை இறக்குவதில்லை, மேலேயே நிறுத்திவிட்டு நடக்கிறோம். அந்தப் பாதையில் மிளகு மூட்டையோடு தினமும் ஏறி வர வேண்டியவர் என்றால் பொலேரோ நியோவையே எடுங்கள். வாங்கும்போது வேரியன்ட்டை மட்டும் கவனியுங்கள், எல்லா வேரியன்ட்டிலும் அந்த டிஃபரன்ஷியல் வராது.