திருகோணமலையில் இரண்டு நாள் மனித உரிமைச் சட்ட வகுப்பு: ஒரு மதிப்பீடு

உட்துறைமுக வீதியில் தொண்டு நிறுவனம் ஒன்று சனி, ஞாயிறு இரு நாட்களும் தமிழில் நடத்திய சர்வதேச மனித உரிமைச் சட்ட வகுப்பில், மதிய உணவு உட்பட 1,500 ரூபா கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டேன். முதல் நாள் காலை ஐக்கிய நாடுகள் சபையின் வரலாற்றிலேயே கழிந்தது. அதைப் பாடநூலிலேயே படித்துக்கொள்ளலாம்.

பிற்பகல் அமர்வுக்காக மட்டுமே இருமடங்கு கட்டணமும் கொடுக்கலாம். நாடொன்று சமவாயத்தில், அதாவது நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கையில், கைச்சாத்திடுவதும், அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி உறுதியளித்து அதனை ஏற்புறுதி செய்வதும், பின்னர் தன் நாடாளுமன்றத்தில் அதற்கெனச் சட்டம் இயற்றுவதும் வெவ்வேறு படிகள் என்பதை விரிவுரையாளர், நல்லரத்தினம் சிங்கராசா என்பவரின் வழக்கைக் கொண்டு விளக்கினார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்ட அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாக 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு முடிவு செய்தது. தனிநபர் அக்குழுவிடம் முறையிட வழிசெய்யும் நெறிமுறையில் இலங்கை 1997இல் இணைந்திருந்தது. ஆயினும் அவ்வாறு இணைந்தமை அரசியலமைப்புக்கு முரணானது என 2006 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களைப் பறிகொடுத்த ஊரில் அமர்ந்து இதைக் கேட்பது எளிதாக இருக்கவில்லை.

"அப்படியென்றால் கைச்சாத்து எதற்கு, சேர்?" என்று மூதூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் கேட்டார். உள்நாட்டுச் சட்டத்தைக் காரணம் காட்டி உடன்படிக்கையை மீற முடியாது என்று உடன்படிக்கைகள் பற்றிய 1969ஆம் ஆண்டின் வியன்னா சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை கூறுவதையும், சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் இலங்கை இணைந்த 1994இலேயே அதற்கான 22ஆம் இலக்கச் சட்டம் வந்ததையும், வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சமவாயம் 2016இல் ஏற்புறுதி செய்யப்பட்டு 2018இல் சட்டமானதையும் எடுத்துச்சொல்லி, ஏற்ற கடப்பாட்டைச் சட்டமாக்கச் செய்வது மக்களின் விடாத கேள்விதான் என்று விரிவுரையாளர் அவசரமின்றிப் பதிலளித்தார். அந்தப் பொறுமைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கையேட்டின் தமிழாக்கத்தில் கைச்சாத்துக்கும் ஏற்புறுதிக்கும் 'ஒப்பமிடல்' என்ற ஒரே சொல்லே அச்சாகியிருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று படிக்க வந்தவர்களிடம் இப்படியொரு கையேட்டைக் கொடுக்கக் கூடாது. முறைப்பாடு எழுதும் பயிற்சிக்கு அரை மணி நேரமே கிடைத்ததால், காணாமல்போன மகனைப் பற்றிய கடிதத்துடன் வந்த ஒரு தாய் அதை எழுதி முடிக்காமலே கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட்டார். அடுத்த வகுப்பு கிண்ணியாவில் என்று அறிவித்திருக்கிறார்கள். அங்கே முதல் நாள் காலையை இந்தப் பயிற்சிக்கே ஒதுக்குமாறு அமைப்பாளர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.