சிவப்பு விளக்குப் பெட்டி: பிங்க் ஃபிளாய்டின் பிற்கால இசையோடு இருபது ஆண்டுகள்

என் அலமாரியில் இருக்கும், பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் மேடைக் கச்சேரித் தொகுப்பான ‘பல்ஸ்’ இரட்டைக் குறுந்தகட்டுப் பெட்டியின் முதுகில் ஒரு சின்னஞ்சிறு சிவப்பு விளக்கு உண்டு. 1995-இல் முதலில் வந்த பிரதிகளில், உள்ளே ஒரு பென்சில் பேட்டரியை வைத்து, நாடித்துடிப்பைப்போல் அது விட்டுவிட்டு எரியும்படி செய்திருந்தார்கள். பழைய பிரதியாக வாங்கி, புதுப் பேட்டரி போட்ட அன்றிரவு அலமாரியே கண்சிமிட்டியது. பின்னர் ஒருமுறை மாற்ற மறந்துபோனதில் பேட்டரி கசிந்து முனைகளில் பச்சை பூத்துவிட, பழைய பல்துலக்கியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்துத்தான் விளக்கை மீட்டேன்.

குழுவின் முதன்மைப் பாடலாசிரியர் ரோஜர் வாட்டர்ஸ் 1985-இல் விலகியபின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர் முன்னின்று நடத்திய இந்தக் காலத்தை, எல்லோரையும்போல் நானும் முதலில் இளக்காரமாகவே கேட்டேன். 1987-இல் வந்த ‘அ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ தொகுப்பு பல ஆண்டுகள் தூசி படிந்தே கிடந்தது. டிரம்ஸ் தகரத்தைத் தட்டுவதுபோல் இறுகி ஒலிக்கும். குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனுக்குப் பயிற்சி விட்டுப்போயிருந்ததால் வேறு கலைஞர்களும் இயந்திரமும் பல இடங்களில் வாசித்தார்கள். ‘தி வால்’ தொகுப்பின் காலத்தில் வெளியேற்றப்பட்டிருந்த கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டோ சம்பளத்துக்கு வாசிப்பவராகவே திரும்பியிருந்தார். 2019-இல் வந்த ‘தி லேட்டர் இயர்ஸ்’ பெட்டியில் இடம்பெற்ற இத்தொகுப்பின் புது வடிவத்துக்கு மேசன் டிரம்ஸைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார். ரைட்டின் கீபோர்டும் முன்னைவிட அதிகமாக இடம்பெற்றது. பழைய, புது வடிவங்கள் இரண்டையும் ஹெட்போனில் மாற்றிமாற்றிக் கேட்டபோது, அதே பாட்டுகளுக்கு மூச்சு வந்திருந்தது தெரிந்தது. குறை மெட்டில் இல்லை, ஆள் இல்லாததில்தான் இருந்தது.

அதனால்தான் 1994-இன் ‘தி டிவிஷன் பெல்’ எனக்கு இக்காலத்தின் உச்சம். தேம்ஸ் நதியில் நிற்கும் கில்மரின் ‘அஸ்டோரியா’ படகு ஒலிப்பதிவுக் கூடத்தில் பெரும்பகுதி உருவான இத்தொகுப்பில், ரைட் ஐந்து பாட்டுகளின் இசையமைப்பில் பங்கேற்றதோடு, 1973-க்குப் பிறகு முதன்முறையாக ஒரு பாட்டில் முதன்மைக் குரலாகவும் பாடினார். கில்மரின் கிட்டார் கேட்கும் கேள்விக்குக் கீபோர்டிலிருந்து பதில் வருகிறது. பாடல்வரிகள் சில இடங்களில் தொய்வுதான், மறுக்கமாட்டேன்.

அந்த ஆண்டின் சுற்றுப்பயணம் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் அக்டோபர் 29 அன்று முடிந்தது. அதன்பின் அவர்கள் சுற்றுப்பயணமே போகவில்லை. அச்சுற்றுப்பயணக் கச்சேரிகளின் பதிவான ‘பல்ஸ்’ மிகையாக மெருகேறிய ஒன்று. மேடையில் அத்தனை பேர் வாசித்தும் எங்கும் ஒரு பிசிறில்லை என்பதே என் மனத்தாங்கல். ஆயினும் இரண்டாம் தகட்டில் அவர்களின் 1973 தொகுப்பான ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ முழுவதும் ஒரே மூச்சில் ஓடுவதால், அதிகம் தேய்ந்ததும் அந்தத் தகடுதான்.

ரைட் 2008-இல் மறைந்தார். 1993 ஒலிப்பதிவுகளில் மிஞ்சியவற்றைக்கொண்டு 2014-இல் ஆக்கிய ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ வந்தபோது, பெரும்பாலும் பாட்டே இல்லையென்று சலித்து ஓரங்கட்டினேன். இப்போது வேலை முடிந்த இரவுகளில் விளக்கணைத்துவிட்டு நான் கேட்பது அதைத்தான். ரைட் விரல் எடுத்தபின்னும் அடங்காமல் நிற்கும் அந்தச் சுரங்களுக்காக.

பழைய ‘பல்ஸ்’ பெட்டி வாங்க நினைப்பவர்கள் தகடுகளில் கீறல் பார்ப்பதற்குமுன் பேட்டரி இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளவும்.